உடைமையும் உள்ளக்கருத்தும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து, ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, ஒரே கைபேசியை மாற்றி மாற்றிக் கையாளுவோர் நம்மவருள் உண்டு. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் படம் அக்கைபேசியில் இருந்ததாக ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டால், அவர் எதைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள இயலும்?

"நான் யாருக்கும் அனுப்பவில்லையே!" என்பதே பலரும் முதலில் கூறும் சமாதானம். சென்னை வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் இதனை ஏற்று, 2024 ஜனவரியில் வழக்கையே நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, விசாரணை தொடரவேண்டுமெனப் பணித்தது. போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபின், அனுப்பிய செயலை எதிர்பார்த்து நிற்பதில்லை. பிறருக்கு அனுப்பும் கருத்தோடு, அழிக்காமலும் அதிகாரிகளுக்கு அறிவிக்காமலும் வைத்திருந்தாலே குற்றம். அக்கருத்தை, படம் எவ்வாறு சேமித்து வைக்கப்பட்டிருந்தது என்பதிலிருந்தே நீதிமன்றம் உய்த்துணரலாம்.

சட்டத்தின் 30ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அடிப்படைச் செய்திகளை அரசுத் தரப்பு நாட்டிவிட்டால், குற்றக்கருத்து இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே, ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கவேண்டும். சாதாரணக் குற்ற வழக்குகளில் அரசின் தோளில் இருக்கும் பாரம் இங்கே இடம் மாறுகிறது. ஆகவே, "கைபேசி என்னுடையதாயினும் படம் வந்ததை நான் அறியேன், அதனைக் கையாண்டவர் வேறொருவர்" என்பது செல்லத்தக்க எதிர்வாதமே, ஆனால் வாய்ச்சொல் போதாது, சான்று வேண்டும்.

அறியாமல் ஓர் இணைப்பைத் தொட்டுவிட்டவர் நிலை என்ன? இன்னதென்று தெரிந்ததும் தாமதமின்றி மூடியவர் அதனை உடைமையாகக் கொண்டவர் ஆகார். தொடர்ந்து பார்த்திருந்தால் ஆவார். மூடியவரும் அத்துடன் நில்லாது, அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. "இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது" என்ற வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை.

நல்லெண்ணத்தால் தவறுவோரைக் குறித்தே எனக்குக் கவலை மிகுதி. "இக்குழந்தையை மீட்க உதவுங்கள்" என்று இரக்கத்தோடு அத்தகைய படத்தை நண்பர் பலருக்கு அனுப்பிவிடுகின்றனர். சட்டம் தரும் விலக்கோ, முறைப்படி அதிகாரிகளுக்கு அறிவிப்பதற்கும் நீதிமன்றச் சான்றாக்குவதற்கும் மட்டுமே. நண்பர் குழு அதில் அடங்காது. பரப்பும் குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு; வாணிக நோக்கமெனில், முதன்முறையே குறைந்தது மூன்றாண்டு, ஐந்தாண்டு வரை.

அறிவிப்பது எங்கே? உள்ளூர்க் காவல் நிலையத்திலும் அறிவிக்கலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். குற்றம் நிகழ்ந்த எல்லை வேறு என்று கூறிக் காவல் நிலையத்தார் புகாரை மறுத்தல் ஆகாது. வழக்கில் சிக்கியவருக்கு மராத்தியோ குஜராத்தியோ விளங்காவிடின், சாட்சியத்தை அவருக்கு விளங்கும் மொழியில் திறந்த மன்றத்திலேயே பெயர்த்துரைக்கவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. காவலில் இருப்பவர், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவராயின், மாவட்டச் சட்ட உதவி ஆணையத்திடம் இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.