செஸ் ரேட்டிங் ஏறவே இல்லையா? வாரா வாரம் கவனிக்க வேண்டியது அந்த நம்பரை அல்ல!

ரேட்டிங் 1612. மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்தப்பவும் கிட்டத்தட்ட இதே நம்பர்தான். ‘தினமும் ஆடுறேன், ஒண்ணும் நகர மாட்டேங்குதே’ என்று அலுத்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு.

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்தத் தருணம்... இதையெல்லாம் பார்த்து, பள்ளியில் விட்ட செஸ்ஸை மறுபடியும் கையில் எடுக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு எழும் முதல் கேள்வி: நான் முன்னேறுகிறேனா, இல்லையா?

மருங்காபுரியிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். ரேட்டிங் போட்டியில் ஆட வேண்டும் என்றால் லீவு போட்டு வெளியூர் போக வேண்டும். இப்படி ஒருவர், தன் பயிற்சி வேலை செய்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ரேட்டிங் எதை அளக்கிறது?

அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கிய முறை இது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இதை ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, யார் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று முதலில் கணிக்கிறார்கள். கணித்ததைவிட அதிகம் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைவாக எடுத்தால் இறங்கும்.

எலோவே இதைத் துல்லியமான தராசு என்று சொல்லவில்லை. தண்ணீரில் மிதந்தாடும் கார்க்கை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதோடுதான் அவர் இதை ஒப்பிட்டார்.

ஒரு சின்ன கணக்கு

9 சுற்றுப் போட்டி. எதிராளிகள் எல்லாருக்கும் உங்கள் ரேட்டிங்தான். எதிர்பார்ப்பு 4.5 புள்ளி. குறைந்தது 30 ஆட்டங்களை முடித்த, 2400-க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்கு, எதிர்பார்ப்பைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால் 20 ஏறும்.

அதாவது 5.5 எடுத்தால் +20. 3.5 எடுத்தால் −20. இடையில் இருப்பது இரண்டே இரண்டு ஆட்டங்களின் முடிவு. கடைசி நிமிடத்தில் எதிராளி யானையைக் கவனிக்காமல் விட்டாரா, நீங்கள் விட்டீர்களா என்பதே அந்த 40 புள்ளியைத் தீர்மானித்துவிடும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிஜமாகவே 100 புள்ளி அளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய எதிராளிகளுக்கு எதிராக இப்போது 64 சதவீதம் எடுப்பீர்கள். 9 ஆட்டத்தில் அது சுமார் 5.8 புள்ளி. முன்பைவிட ஒன்றேகால் புள்ளிதான் கூடுதல். ரேட்டிங்கில் சுமார் 25 ஏறும். ஒரு மோசமான நாள் போதும், அதுவும் காணாமல் போய்விடும்.

ஆக, ‘ரேட்டிங் நகரவில்லை’ என்பதற்கு ‘நான் தேறவில்லை’ என்று அர்த்தம் இல்லை. ‘இன்னும் போதுமான ஆட்டங்கள் ஆடவில்லை’ என்பதாகவும் இருக்கலாம்.

ஏமாற்றும் மூன்று விஷயங்கள்

* 2024 மார்ச் துள்ளல்: 2000-க்குக் கீழே இருந்த கிளாசிக்கல் ரேட்டிங்குகளை ஃபிடே 2024 மார்ச் 1 அன்று ஒரே அடியாக உயர்த்தியது. 2000-க்கும் உங்கள் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளியில் 40 சதவீதத்தைச் சேர்த்தார்கள். 1500-ல் இருந்தவர் தூங்கி எழுந்தபோது 1700. அதை முன்னேற்றக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

* பக்கத்து போர்டு பையன்: 18 வயதுக்கு உட்பட்ட, 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் இரட்டிப்பு மாற்றம். நீங்கள் +20 வாங்கிய அதே ஆட்டத்திறனுக்கு அவனுக்கு +40. அவனுடைய கிராஃபையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசுதான் வலிக்கும்.

* ஆன்லைன் நம்பர்: லிசெஸ் தளத்தில் புதியவருக்கு 1500-ல் கணக்கு தொடங்கும். ஃபிடே பட்டியலோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு நல்ல பழக்கம் அங்கே உண்டு: போதுமான ஆட்டங்கள் ஆடாதவரின் ரேட்டிங் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். ‘இந்த நம்பரை இன்னும் நம்ப முடியாது’ என்று தளமே சொல்லிவிடுகிறது.

அப்போ வாரா வாரம் எதைக் குறிக்கலாம்?

நம் கையில் இருப்பதை. ரேட்டிங் நம் கையில் இல்லை. எத்தனை ஆட்டம் ஆடினோம், எதை அலசினோம் என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. ஒரு நோட்டில் வாரத்துக்கு நான்கு வரி போதும்:

1. நிதானமாக ஆடிய ஆட்டங்கள் எத்தனை? மூன்று நிமிட பிளிட்ஸ் இதில் சேராது.
2. அவற்றில் எத்தனை ஆட்டங்களை, இன்ஜினைத் திறப்பதற்கு முன் சொந்தமாக அலசினோம்?
3. புதிர்களில் முதல் முயற்சியிலேயே சரியாகச் சொன்னது எத்தனை, தவறியது எத்தனை?
4. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு காரணம்.

இந்த நான்காவது வரிதான் நோட்டின் உயிர். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. ‘குதிரையைச் சும்மா கொடுத்தேன்’, ‘நேரம் தீர்ந்தது’, ‘ஓப்பனிங்கில் பத்தாவது நகர்த்தலிலேயே சிக்கினேன்’, ‘ஜெயிக்க வேண்டிய எண்ட்கேமை டிரா பண்ணினேன்’ என்று குறிப்பாக இருக்க வேண்டும். நாலு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். பத்துத் தோல்வியில் ஆறு ‘நேரம் தீர்ந்தது’ என்றால், ஓப்பனிங் வீடியோ பார்ப்பதை அந்த மாதம் நிறுத்திவிடலாம். பிரச்சினை கடிகாரத்தில் இருக்கிறது.

கிளாசிக்கல் போட்டிகளில் நகர்த்தல்களை ஸ்கோர்ஷீட்டில் எழுதுவது கட்டாயம். பலருக்குத் தெரியாத விஷயம்: கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் அதில் குறித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. எந்த நகர்த்தலுக்கு 20 நிமிடம் முழுங்கினீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

‘கோ’ ஆட்டக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது

2016-ல் ஆல்பாகோ மென்பொருள் கொரிய வீரர் லீ செடோலை 4–1 என வென்றதே, அந்த ஆட்டம்தான் கோ. 19-க்கு 19 கோடுகள், 361 புள்ளிகள், கறுப்பு-வெள்ளைக் கற்கள். இதில் அமெச்சூர்களுக்குப் படிநிலைகள் உண்டு. கற்றுக்கொள்பவர் 30 கியூ அருகே தொடங்கி, எண் குறையக் குறைய மேலே ஏறி 1 கியூ வருவார். அதைத் தாண்டினால் 1 டான்.

இங்கே அழகு என்னவென்றால், இந்தப் படி பலகையிலேயே தெரியும். 8 கியூவும் 12 கியூவும் மோதினால், பலவீனமானவர் நான்கு கற்களை முன்கூட்டியே வைத்து ஆடுவார். ஆட்டம் சமமாகிவிடும். போன வருஷம் நண்பரிடம் ஆறு கல் வாங்கினேன், இப்போது நாலு போதும் என்றால், தேறியதற்கு வேறு சான்று வேண்டாம்.

செஸ்ஸில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் நேரத்தை வைத்துச் செய்யலாம். உங்களைவிட நன்றாக ஆடும் நண்பருக்கு 5 நிமிடம், உங்களுக்கு 15 நிமிடம். வாரம் ஒரு நாள் நாலு ஆட்டம். கணக்கு ஏறக்குறைய சமமானதும் உங்கள் நேரத்தை 12 ஆக்குங்கள், பிறகு 10. வெளியூர் டோர்னமென்ட் வேண்டாம், என்ட்ரி ஃபீஸ் வேண்டாம். மருங்காபுரித் திண்ணையிலேயே ஓர் அளவுகோல் ரெடி.

தேங்கி நின்றால்?

தேக்கம் அமெச்சூர்களுக்கு மட்டும் வருவதில்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த ஷ்யாம் நிகிலுக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான 2500 ரேட்டிங்கும் மூன்று நார்ம்களில் இரண்டும் 2012-லேயே கிடைத்துவிட்டன. மூன்றாவது நார்ம் வந்தது 2024 மே மாதம், துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் போட்டியில். 12 வருஷம். 31 வயதில் இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அந்த 12 வருஷத்தையும் ‘நார்ம் கிடைத்ததா, இல்லையா’ என்ற ஒரே கட்டத்தில் குறித்திருந்தால், கடைசி வரி வரைக்கும் ‘இல்லை’ என்றுதான் இருந்திருக்கும்.

மாதா மாதம் 1-ம் தேதி ஃபிடே பட்டியல் வரும். பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து பயிற்சியை மாற்றுவதற்கு முன், நோட்டின் நான்காவது வரியைப் படித்துவிடுங்கள். போன மாசம் ஆறு தடவை சும்மா கொடுத்த குதிரையை இந்த மாசம் ரெண்டு தடவைதான் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் தேறியிருக்கிறீர்கள். ரேட்டிங்குக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.