புயலில் கொல்வது காற்றா, தண்ணீரா?

புயல் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன வேரோடு சாயும் மரங்களும் பறந்து செல்லும் கூரைகளுமே. கடலுக்கு 200 கி.மீ.க்கு அப்பால், மேட்டு நிலத்தில் இருக்கும் சானமாவில் நமக்கென்ன கவலை என்றுகூடத் தோன்றும். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நமது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் காகிதக் கப்பல்களைப் போல இழுத்துச் சென்றது. கரை கடந்து வலுவிழந்த புயலுக்கே இத்தனை பலம்!

கடலோரத்தில் அந்தத் தண்ணீர் இன்னும் கொடியது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அங்கே கடல்மட்டம் சற்று உயரும். அதைவிடப் பெரியது காற்றின் வேலை. அது கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். கரையோரக் கடல் ஆழமற்றதாயின், வந்த நீர் திரும்பிச் செல்ல வழியின்றிக் குவிந்து ஊருக்குள் புகும். வங்காள விரிகுடாவின் வடபகுதி ஆழமின்றிப் புனல்போல் குறுகியது. 1970 நவம்பரில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்காளதேசத்தில், ஒரே இரவில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டதற்கு அதுவும் ஒரு காரணம். உறக்கத்தில் இருந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்?

நம் தமிழகம் கண்ட துயரம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் பேரலையில் மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அப்புயல் ஏறத்தாழ 1,800 உயிர்களைக் கொண்டு சென்றது. சேதமடைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாட்களில் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் சீர்செய்து முடித்தார். ஊரையோ மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்துவிட்டது. கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் அந்த மணலில் நிற்கின்றன.

புயலின் கண் எனப்படும் நடுப்பகுதி கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். 'எல்லாம் முடிந்தது' என்று வெளியே வருபவர்களை, சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து வரும் காற்று தாக்கும். இது பலருக்கும் தெரியாத ஆபத்து.

சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்திருந்தால் வனத்துறையினர் நம்மை முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள் அல்லவா? புயலுக்கும் அத்தகைய எச்சரிக்கை உண்டு. அது ஒவ்வொருவர் காதிலும் விழ வேண்டும், விழுந்தபின் போய்த் தங்க உறுதியான கட்டடமும் வேண்டும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதே மாநிலத்தை 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் தாக்கியபோது இறந்தோர் 50 பேருக்கும் குறைவு. புயல் வந்து சேருமுன்பே ஏறத்தாழ 10 லட்சம் பேர் கரையை விட்டு அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர்.