உதவி செய்பவரின் மனநிலை: கிறிஸ்தவமும் பௌத்தமும் தந்தவை

சமூகப் பணி இன்று பல்கலைக்கழகத்தில் படித்துத் தேர்ந்து செய்யும் தொழில். அதற்கு மத அடையாளம் தேவையில்லை. ஆனால் உதவி தேடி வருபவரை எந்த மனநிலையோடு பார்க்க வேண்டும் என்று அது கற்றுத்தருவதில் கிறிஸ்தவத்தின் பங்கும் பௌத்தத்தின் பங்கும் உண்டு.

தீர்ப்பு சொல்லாமை

இத்தொழிலின் வேர்களில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறப்பணி. 1869இல் லண்டனில் உருவான அறக்கொடைச் சங்கம், வீடு தேடிப் போய் விசாரித்து உதவியது. முறையாக விசாரிக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. கூடவே ஏழைகளை உதவிக்குத் தகுதியானவர், தகுதியற்றவர் என்று பிரிக்கும் வழக்கமும் வேரூன்றியது.

அந்தக் கண்ணோட்டத்துக்கு மாற்றும் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்தே வந்தது. அமெரிக்க இயேசு சபைக் குரு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வெளியிட்ட நூலில், பணியாளருக்கும் சேவை பெறுபவருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு நெறிகளை வகுத்தார். உள்ளபடி ஏற்றல், தீர்ப்பு சொல்லாமை, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விடுதல், ரகசியம் காத்தல் ஆகியவை அவற்றுள் சில. மனிதரின் மாண்பு கடவுள் தந்தது, செய்த தவற்றால் அது அழியாது என்பது அவர் நம்பிக்கை. அதற்காகத் தவற்றைச் சரியென்று சொல்லச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை இல்லாதவர்களும் இன்று இந்நெறிகளைப் படிக்கிறார்கள்.

கரைந்துபோகாத கருணை

பௌத்தம் உதவி செய்பவரின் உள்ளத்தைக் கவனிக்கிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் வளர்க்கச் சொல்கிறது. அதாவது நட்புணர்வு, துயர் துடைக்கும் விருப்பம், பிறர் நலத்தில் மகிழ்ச்சி, சமநிலை. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், ஒவ்வொன்றுக்கும் அதைப் போலவே தோன்றும் பகை ஒன்று உண்டு என்கிறது. கருணைக்கு அது சோகம்; உபேட்சைக்கு அது அக்கறையின்மை. பிறர் துன்பத்தில் மூழ்கி ஓய்ந்துபோகும் பணியாளரையும், மரத்துப்போய்க் கோப்புகளை மட்டும் நகர்த்தும் பணியாளரையும் இந்த இரண்டு எச்சரிக்கைகளும் அப்படியே படம் பிடிக்கின்றன.

இங்கும் ஒரு ஆபத்து உண்டு: துன்பப்படுபவரைப் பார்த்து 'எல்லாம் முன்வினை' என்று ஒதுங்கிவிடுவது. ஆனால் சீவகன் என்பவருக்குச் சொன்ன சூத்திரத்தில், பித்தம், வாதம், பருவ மாற்றம் என வேறு காரணங்களையும் புத்தர் அடுக்குகிறார். எல்லாவற்றையும் பழவினை மேல் போடுவது தவறு என்கிறார். இலங்கையில் 1958இல் ஏ.டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம் மைத்திரி முதலான நான்கு பண்புகளையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது. தொண்டர்களும் ஊர்மக்களும் சேர்ந்து சாலை போட்டார்கள், கிணறு வெட்டினார்கள்.

நடைமுறையில்

மறுவாழ்வு மையத்திலிருந்து போனவர் மூன்றாம் முறையாகக் குடித்துவிட்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "திரும்பவுமா?" என்று கேட்காமல், "கடைசியாகக் குடித்த அன்று என்ன நடந்தது?" என்று கேட்பது பீஸ்டெக் காட்டிய வழி. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது தனக்குள் எழும் எரிச்சலைப் பணியாளர் கவனித்து, அது குரலில் ஏறாமல் பார்த்துக்கொள்வது பௌத்தப் பயிற்சி. மறுபடி சிகிச்சைக்குச் சேர்வதா என்பதை அவரே முடிவு செய்கிறார். அவர் குடிப்பது தன் தோல்வி என்று பணியாளர் மனம் உடைவதுமில்லை, அவரைக் கைவிடுவதுமில்லை.

இதில் எங்கும் மதப் பிரசாரத்துக்கு இடமில்லை. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவரிடம் தன் நம்பிக்கையைத் திணிப்பது அவருடைய மாண்பையே மீறுவதாகும். இரு மரபுகளிலிருந்தும் பணியாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது, எதிரே இருப்பவரை மதிக்கும் பழக்கத்தையும் தன் மனத்தைக் கண்காணிக்கும் பழக்கத்தையும்தான்.