பழைய போர்வீரர் படங்களில் தலையணிச் சான்று

காட்சியினும் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்பன உண்டென்பது அளவை நூலார் துணிபு. கண்ணாற் கண்டது என்பதனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது. காட்சிக்குத் துணையாய கருவியின் இயல்பும் ஆராயப்படுதல் வேண்டும். பழைய நிழற்படங்களைச் சான்றாகக் கொண்டு வரலாறு ஆராய்வார் மறத்தலாகாத உண்மை இது.

1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்குமிடையே நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். போருக்குச் செல்வோர் தம் உருவத்தைப் படம் பிடிப்பித்து வீட்டாரிடம் விட்டுச் செல்லுதல் அக்கால வழக்கம். அப்படங்கள் பல இன்றும் உள. படத்திலுள்ளார் பெயர்களோ மறைந்தன. 2010ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தார் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கிய ஏறக்குறைய 700 படங்களுட் பெரும்பாலானவை பெயரறியா வீரருடையனவே. அவர்களை இனங்காண முயல்வோர் முதற்கண் நோக்குவது தலையணியையாம்.

வட மாநிலப் படையினர் பலர் அணிந்தது, முன்புறம் சரிந்த நீலத் துணித் தொப்பி. அதனின் வேறாகக் காணப்படுவனவற்றுள் முதன்மையானது 1858இல் விதிக்கப்பெற்ற கருங்கம்பளித் தொப்பியாகும். ஹார்டி என்னும் படைத்தலைவர் பெயரால் அது வழங்கும். உயர்ந்த முடியும் அகன்ற விளிம்பும் உடையது. ஒருபுறம் விளிம்பு மடித்துத் தூக்கப்பட்டுக் கழுகுருப் பொறித்த பித்தளை ஊசியாற் பிணிக்கப்படும். காலாட்படையினர் தமது இடப்பக்கத்தும் குதிரைப்படையினர் தமது வலப்பக்கத்தும் விளிம்பை மடித்தல் வேண்டுமென்பது விதி. ஆகவே, மடிப்பின் பக்கத்தை அறிந்தால் வீரனது படைப்பிரிவை அறியலாம் எனத் தோன்றும்.

ஈண்டே திரிபு புகுகின்றது. அக்காலத்திற் பெருவழக்காயிருந்த படவகை, 1856இல் அமெரிக்காவில் உரிமைப் பதிவு பெற்ற ரின்ரைப் என்பது. பெயர் தகரத்தைச் சுட்டினும் அது மெல்லிய இரும்புத் தகடே. ஒளி நேரே அத்தகட்டிற் பதிதலின், கண்ணாடியிற் காணும் உருப்போல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தோன்றும். மறிநிலைப் படத்திலிருந்து தாளிற் பதிக்கப்பெற்ற படங்களுக்கு இக்குறை இல்லை. எனவே, படம் தகட்டிலுள்ளதா தாளிலுள்ளதா என்பதை முதலில் அறியாது மடிப்பை நோக்குவோன், காலாட்படை வீரனைக் குதிரைவீரன் என மயங்குவான்.

இம்மயக்கத்தை நீக்கும் வழிகள் சில உள. தொப்பியின் முன்னுள்ள பித்தளைச் சின்னம் பக்கம் மாறினும் வகை மாறாது. ஊதுகொம்பு காலாட்படைக்கும், குறுக்கிட்ட வாளிரண்டு குதிரைப்படைக்கும், குறுக்கிட்ட பீரங்கியிரண்டு பீரங்கிப்படைக்கும் உரியன. மடிப்பு வலப்பக்கத்தும் சின்னம் ஊதுகொம்பாகவும் தோன்றின், படம் மாறியதெனக் கருத இடமுண்டு. ஆயின் விதியைப் பேணாது அணிந்தாரும் பலராதலின் வேறு சான்றும் தேடல் வேண்டும். ஆடவர் மேற்சட்டையில் இடப்புறத் துணியே வலப்புறத்தின்மேல் வந்து தெறி பூட்டப்படும்; படத்தில் இது மாறித் தோன்றின் ஐயமில்லை. துவக்கின் விசைத்தகடு வலப்புறத்து அமைவதும் அவ்வாறே உதவும். தொப்பியிலுள்ள அணியெழுத்துத் தலைமாறித் தோன்றுதலும் நல்ல சான்று. ஆனால் ஆங்கில எழுத்துக்களுள் ஏ, எச், ஐ என்பன மாறினும் வேறுபடாமையின் அவை பயன்படா.

நிறமும் இவ்வாறே ஏமாற்றும். அக்காலப் படத்தகடு நீல ஒளியை விரைந்தேற்கும். சிவப்பையும் மஞ்சளையும் ஏலாது. ஆதலின் காலாட்படையின் வானீல நிறத் தொப்பிக்கயிறு வெண்மையாகவும், பீரங்கிப்படையின் சிவப்பும் குதிரைப்படையின் மஞ்சளும் கருமையாகவும் தோன்றும். படம் பிடித்தோர் பின்னர் தூரிகையாற் பூசிய வண்ணம் சான்றாகாது.

குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பியணிந்த வீரரும் இப்படங்களிற் காணப்படுவர். அவர் துருக்கியரல்லர். 1830இல் அல்ஜீரியாவிற் பிரெஞ்சுக்காரர் திரட்டிய சுவாவ் படையின் உடையைப் பின்பற்றிய அமெரிக்கரே அவர். நியூயோர்க்கில் தீயணைப்போரைக் கொண்டு 1861இல் அமைந்த 11ஆம் படையணி அத்தகையது. தெற்கே லூசியானாவிலும் அவ்வுடையணிந்தார் இருந்தமையின், அத்தொப்பி மட்டும் எப்பக்கத்தவர் என்பதைத் துணியாது.

தொப்பியை மூடிப் பிடரிவரை தொங்கும் வெண்டுணி மற்றொன்று. 1857இல் இலக்னோவில் இறந்த ஆங்கிலத் தளபதி ஹவ்லொக் பெயரால் அது வழங்கிற்று. அமெரிக்கப் போரின் தொடக்கத்திற் பெருக வழங்கப்பெற்ற அது, காற்றைத் தடுத்து வெம்மையை மிகுவித்தமையால் விரைவிற் கைவிடப்பட்டது. வீரர் சிலர் அதனைக் கோப்பி வடிக்கப் பயன்படுத்தினர். எனவே, அத்துணி காணப்படும் படம் பெரும்பாலும் 1861ஐ ஒட்டியதெனக் கொள்ளலாம்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. படையணி பிழைபடின் பெயர்ப் பட்டியலும் பிழைபடும். ஒருவன் முகத்துக்கு மற்றொருவன் பெயர் சூட்டப்படும். பெயரின்றிக் கிடத்தலினும் பிழைப்பெயர் பெறுதல் கொடிது. பெயரற்ற படத்தை நாளையும் ஒருவர் ஆராய்வர், பெயரிட்ட படத்தையோ எவரும் மீண்டும் ஆராயார். ஆதலின் ஒரு சான்றைக் கொண்டு துணியாது, பல சான்றுகளும் ஒருமுகப்படுங்காறும் ஐயத்தை ஐயமாகவே வைத்தல் ஆராய்வார் கடனாம்.