டம்பெல்லுக்குள் என்ன இருக்கிறது?

என் அக்கா மகன் ஏழாவது படிக்கிறான். போன மாதம் உண்டியலை உடைத்து, 740 ரூபாயைப் பாயில் கொட்டி எண்ணிவிட்டு என்னிடம் வந்தான். "மாமா, டம்பெல் வாங்கணும். பத்தலைன்னா மிச்சத்தை நீங்க போட்டுக்கங்க" என்றான். பத்தாது என்று அவனுக்கே தெரியும். அதனால்தான் அப்பாவிடம் போகாமல் மாமாவிடம் வந்திருக்கிறான்.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த என் பழைய டம்பெல்லை இழுத்து வந்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு வில்லைகள், நடுவில் ஒரு கம்பி. வில்லைகள் இரும்பு என்று நினைத்துத்தான் வாங்கினேன். மூன்றாம் நாளே கைநழுவித் தரையில் விழுந்து ஒரு வில்லையின் ஓரம் விரிந்துவிட்டது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத் தூள் பொலபொலவென்று கொட்டியது. மேலே பிளாஸ்டிக் தோல், உள்ளே சிமெண்ட்!

பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிரிக்காதே. அந்தச் சிமெண்டைத் தூக்கித் தூக்கித்தான் என் கைக்குக் கொஞ்சம் பலம் வந்தது. அது எப்படி, சொல்லு பார்ப்போம்" என்றேன்.

பிள்ளைகளே, நீங்களும் யோசித்துப் பாருங்கள். தசைக்குக் கண் கிடையாது. கையில் இருப்பது இரும்பா, சிமெண்டா, அரிசி மூட்டையா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வைத்து, பிறகு ஓய்வும் சாப்பாடும் கொடுத்தால் அது பலமாகிவிடும்.

ஆகவே முதல் கருவி குப்பைக் கூடையிலேயே கிடைத்தது. 1 லிட்டர் தண்ணீர் பாட்டில். நிறையத் தண்ணீர் பிடித்தால் சரியாக 1 கிலோ. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் குவித்திருந்த காய்ந்த மணலை (கேட்டுக்கொண்டுதான்!) தட்டித் தட்டி நிரப்பினோம். தெருமுனைக் கடை அண்ணாச்சி தராசில் வைத்துக் காட்டினார். 1 கிலோ 580 கிராம். பாட்டில் அதேதான், எடை ஒன்றரை மடங்குக்கும் மேல். இதே பாட்டில் அளவுக்கு இரும்பு இருந்தால் கிட்டத்தட்ட 7.8 கிலோ வரும். இதைத்தான் அடர்த்தி என்கிறோம். கடையில் இரும்பு டம்பெல்லுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு, அவ்வளவு எடையும் ஒரு கைப்பிடிக்குள் அடங்குவதற்குத்தான். வீட்டில் இடம் இருக்கிறவர்களுக்கு மணல் போதும். மூடியின் மேல் பிசின் நாடாவை நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். எங்கள் முதல் பாட்டில் மூடி கழன்று, மணலெல்லாம் அக்காவின் துவைத்த துணி மேல் போனது.

"வெறும் ஒன்றரைக் கிலோவா?" என்று உதட்டைப் பிதுக்கினான். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முழங்கையை மடக்கிப் பாட்டிலைத் தூக்கும்போது வேலை செய்வது மேற்கையின் இருதலைத் தசை. அது முன்கை எலும்பில் ஒட்டியிருக்கும் இடம், முழங்கை மூட்டிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர்தான். பாட்டில் இருப்பதோ உள்ளங்கையில். அவன் முழங்கையிலிருந்து அதுவரை அளந்தோம், 28 சென்டிமீட்டர். எடை ஏழு மடங்கு தூரத்தில் இருப்பதால், தசை ஏழு மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும். ஒன்றரைக் கிலோ பாட்டிலுக்குத் தசை போடும் இழுவை ஏறக்குறைய 11 கிலோவைத் தொங்கவிட்டது போல! ஏற்றப்பலகை விளையாட்டில் ஓரத்தில் உட்காரும் ஒல்லிப் பையன் நடுவுக்குப் பக்கத்தில் உட்காரும் குண்டுப் பையனைத் தூக்கிவிடுவானே, அதே நெம்புகோல் கணக்கு.

நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை பார்த்திருப்பீர்கள். பிடிக்கும் இடம் ஒல்லி, தூரத்து முனை பருமன். எடையைக் கையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எடையைக் கூட்டாமலே கஷ்டத்தைக் கூட்டும் வித்தை இது. வீட்டில் தரை துடைக்கும் மாப் இருந்தால், குச்சியின் நடுவில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள், சுலபம். கடைசி முனையில் பிடித்து நீட்டுங்கள். மணிக்கட்டு கெஞ்சும்.

அடுத்து, காசே வேண்டாத கருவி. எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தண்டால் நிலையில் நிற்கச் சொன்னேன். பையன் எடை 38 கிலோ. மெஷின் 24 காட்டியது. முட்டியை ஊன்றிக்கொண்டு செய்தபோது 19-க்குக் கீழே இறங்கியது. கால்களை நாற்காலி உயரத்தில் தூக்கி வைத்தால் உடம்பு எடையில் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும். சுவரில் கை வைத்து நின்றபடி தள்ளினால் சில கிலோதான். ஆக, 38 கிலோ உடம்பே ஒரு டம்பெல் கடை. சாய்வை மாற்றினால் எடை மாறும். தண்டால் வராத பிள்ளைகள் சுவரில் தொடங்கி, மேசை, கட்டில், தரை என்று இறங்கி வரலாம். காலுக்கு உட்கார்ந்து எழும் பஸ்கி.

அப்படியானால் 740 ரூபாயை என்ன செய்வது? இங்கேதான் நான் யோசித்தேன். தரை இருந்தால் தள்ளலாம், உட்கார்ந்து எழலாம். ஆனால் தரையை இழுக்க முடியாது! முதுகுக்கும் தோளின் பின்பக்கத்துக்கும் வேலை கொடுக்க, இழுப்பதற்கு ஒன்று வேண்டும். தொங்குவதற்குக் கம்பி, இல்லையென்றால் ரப்பர் பட்டை. பூங்காவில் கம்பி இருக்கும் ஊர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மரத்தில் தொங்குவதென்றால் வேப்பமரம் பாருங்கள். முருங்கைக் கிளை பக்கம் மட்டும் போகாதீர்கள், சொல்லிவிட்டேன்.

நாங்கள் சில நூறு ரூபாயில் ஒரு ரப்பர் பட்டை வாங்கினோம். டம்பெல் தொடக்கத்திலும் முடிவிலும் அதே எடைதான். பட்டை அப்படி இல்லை. இழுக்க இழுக்க முரண்டு பிடிக்கும். நீட்சி கூடினால் எதிர்விசையும் அதே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அவர் சொன்னது சுருள்வில் போன்றவற்றுக்கு. ரப்பர் அந்த விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றாது, ஆனாலும் போக்கு அதுதான். பழைய சைக்கிள் டியூபும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வெடிப்பு விட்ட டியூப் பட்டென்று அறுந்து முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு இழுங்கள்.

பட்டைக்கு இன்னொரு பெருமை, அதற்குப் புவியீர்ப்பு தேவையில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 100 கிலோ இரும்பைக்கூட ஒரு விரலால் மிதக்கவிடலாம். டம்பெல் அங்கே பேச்சுக்கு உதவாது. பளு இல்லாமல் இருந்தால் தசை கரைந்துவிடும் என்பதால் விண்வெளி வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். 2008-இல் அங்கே போய்ச் சேர்ந்த பளுப் பயிற்சிக் கருவியில் ஒரு துண்டு எடைக்கல்கூட இல்லை. காற்று நீக்கிய உருளைகளுக்குள் இருக்கும் தண்டை இழுக்க வேண்டும். அந்த எதிர்ப்பை 272 கிலோ வரை கூட்டலாம்.

"எடை தூக்கினா வளர்த்தி நின்னுடும்டா" என்று பாட்டி குறுக்கே வந்தார். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, லேசான எடையில், சரியான நிலையில் செய்தால் உயரம் நிற்காது. ஆனால் வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மெத்தென்ற வளர்தட்டுகள் உண்டு. தாங்காத எடையை வெடுக்கென்று தூக்கினால் அவை அடிபடலாம். பத்துப் பன்னிரண்டு முறை முகம் சுளிக்காமல் தூக்க முடிகிற எடைதான் உங்கள் எடை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்குப் பலமூட்டும் விளையாட்டோ பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆறு வாரம் ஆயிற்று. நேற்று இஞ்சு டேப்போடு வந்தான், முகம் தொங்கிப்போய். "மாமா, கைச்சுற்றளவு அன்னைக்கும் 21 சென்டிமீட்டர், இன்னைக்கும் 21." "தண்டால் எத்தனை?" "அன்னைக்கு 2. இப்ப 11." உங்கள் வயதில் முதலில் தேறுவது தசையின் பருமன் இல்லை, நரம்பு. தூங்கிக்கொண்டிருந்த தசை இழைகளை மூளை ஒன்றுசேர எழுப்பக் கற்றுக்கொள்கிறது. இஞ்சு டேப்புக்கு அது தெரியாது.

சிமெண்ட் டம்பெல் இப்போது காற்றில் அடித்துக்கொள்ளும் மாடிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.