விரல்நுனி மனிதர்கள்



ரயில் வண்டியைப் பொம்மையாகச் செய்து வைத்துக்கொண்டு விளையாடுவதில் என்ன கல்வி இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேரன், கோடை விடுமுறையில் ஒரு பலகையின்மேல் தண்டவாளம் பதித்து, மண் பரப்பி, முட்செடி நட்டு, மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையின் ஒரு துண்டை அமைத்தான். அகலப் பாதையாக மாற்றும்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பெற்ற பாதை அது. 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் அகல ரயில் வந்துவிட்டது. பழைய பாதை எங்களைப் போன்றோரின் நினைவில்தான் இருக்கிறது. அப்பாதையில் என் தந்தையார் கீமேனாகப் பணிபுரிந்தார்.

பேரன் ஓர் ஊழியரின் உருவத்தைத் தண்டவாளத்தருகே நிறுத்தி, "தாத்தா, இவர்தான் கொள்ளுத் தாத்தா" என்றான். ஆவலோடு குனிந்து பார்த்தேன். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் மண்வெட்டி, முகமோ ரோஜா நிறம். ஜெர்மானியர் ஒருவர் வழி தவறி உசிலம்பட்டிக்கு வந்து நின்றதுபோல் இருந்தது!

இதில் பிழை பேரனுடையது அன்று. இத்தகைய சிற்றுருவங்களைச் செய்வதில் பெயர்பெற்ற பிரைசர் நிறுவனம் 1949இல் ஜெர்மனியில் தொடங்கப்பெற்றது. அங்குள்ளோர் தம் ஊர் மனிதரையே வார்த்தனர். ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பெற்ற 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்னும் மாதிரி ரயில் காட்சியில் 2,00,000க்கும் மேற்பட்ட சிறு மனிதர்கள் இருக்கின்றனர். நம் ஊர்க் கீமேன் வேண்டுமெனில் அவர்களுள் ஒருவரை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மாற்றுவதற்குமுன் அளவை உணர்தல் வேண்டும். பேரன் கையாள்வது எச்.ஓ. என்னும் அளவு, உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் 19 மில்லிமீட்டரில் அடங்கிவிடுவார். ஒரு மீட்டர் அகலப் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. இனி வண்ணத்தைக் கணக்கிடுங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வண்ணம் பூசினால், அந்த மனிதருக்கு அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பளி! ஆதலின் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு உலர்ந்தபின் மறு பூச்சு இடுதல் வேண்டும்.

கண்ணைப் பற்றி எங்களுக்குள் வாதமே நடந்தது. வெள்ளை விழியும் கருமணியும் எழுதவேண்டும் என்றான் பேரன். நான் ஒரு பெருக்கல் கணக்கைக் கொடுத்தேன். 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து அச்சிற்றுருவைப் பார்க்கிறோம். அதனை 87ஆல் பெருக்கினால் 26 மீட்டருக்குச் சற்று மேல். அத்துணைத் தொலைவில் நிற்பவரின் விழி வெண்மை நமக்குத் தெரிகிறதா? தெருக்கோடியில் அவனுடைய அப்பாவையே நிற்கவைத்துப் பார்த்தோம். புருவத்தின் கீழே ஒரு நிழல்தான் தெரிந்தது. ஆகவே கண் இருக்கும் இடத்தில் மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு கோடு போட்டதோடு நிறுத்திக்கொண்டோம். விழி எழுதிய சிற்றுருக்கள் எல்லாம் பேயைக் கண்டு திடுக்கிட்டவைபோல் நிற்பதற்கு இதுவே காரணம்.

வெட்டி ஒட்டும் வேலை அவ்வளவு கடினமன்று, பொறுமைதான் வேண்டும். உருவத்தை ஒரு தக்கையில் ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. கத்தி எப்போதும் விரலுக்கு எதிர்த்திசையில் செல்லட்டும். மண்வெட்டியையும் தொப்பியையும் அரிந்தோம். இரு பொருள்களைப் பிசைந்தால் இறுகும் எபாக்சிக் களிமண்ணில் கடுகளவு எடுத்துத் திரித்துத் தலைப்பாகை சுற்றினோம். பூட்ஸைச் சீவிச் செருப்பாக்கினோம். மெல்லிய பித்தளைக் கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கியதும் ஸ்பானர் ஆயிற்று. காக்கிச் சட்டையின் மடிப்புகளில் கரும்பழுப்பு வண்ணத்தை மிக நீர்க்கவிட்டோம். இவ்வளவு சிறிய மடிப்பில் நிழல் தானாக விழாது, நாம்தான் வரையவேண்டும்.

இவ்வளவு செய்தும் அது என் தந்தையாராகவில்லை. ஏன் என்று எனக்கே உடனே விளங்கவில்லை. "கொள்ளுத் தாத்தா எப்படி நடப்பார்?" என்று பேரன் கேட்டான். எழுந்து கூடத்தில் நடந்து காட்டினேன். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளின் இடைவெளிக்கேற்பவே கீமேனின் எட்டு அமையும். ஆணி தளர்ந்திருக்கிறதா, இணைப்பின் திருகு கழன்றிருக்கிறதா என்று கண் எப்போதும் கீழே இருக்கும். ஸ்பானர் வலத்தோளில், சுருட்டிய சிவப்பு, பச்சைக் கொடிகள் இடக்கக்கத்தில். எங்கள் உருவமோ நிமிர்ந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் இருந்தது. கழுத்தின் முன்புறம் ஓர் ஆப்பு வடிவில் வெட்டித் தலையைத் தாழ்த்தினோம். முழங்காலின் பின்புறமும் அவ்வாறே வெட்டி மடித்து, வெட்டிய இடத்தைக் களிமண்ணால் மறைத்தோம். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முகம் கடுகளவு, அதில் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆயினும் விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகும் அந்த முதுகு எனக்குத் தெரிந்தது.

இறுதியில் ஒரு சிக்கல். கீமேன் இரு தண்டவாளங்களுக்கு இடையே நடப்பவர். அவரை அங்கே ஒட்டிவிட்டால் பேரனின் ரயில் ஓட முடியாது. எனவே பாதத்தின் கீழ் ஒரு சிறு கம்பியைச் செருகினோம். கட்டைகளின் இடையே ஒரு துளையும், பாதை ஓரத்தில் ஒரு துளையும் இட்டோம். ரயிலை ஓட்டுவது பேரனின் வேலை. அது வருமுன் அவரைத் தூக்கி ஓரத்தில் நிறுத்துவது என் வேலை.