மாடு செத்த வீட்டில் யோபுவின் கதை

நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், உறவுக்காரர் வீட்டில் சனிக்கிழமை ஜெபக்கூட்டம். முன்னறை சோபாவை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். முட்டி மடக்க முடியாதவர்களுக்குச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு பாட்டும் வேதவாசிப்பும் முடிந்ததும், கூட்டம் நடத்தியவர் வழக்கம்போலச் சொன்னார்: "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்."

ஒரு பெண் நர்சிங் பரீட்சையில் தேறியதற்கு நன்றி சொன்னாள். ஒருவர் வீட்டு லோன் கிடைத்ததற்கு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்றது. மூன்றாவதாக, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்க மவன் இப்பமும் குடிக்கத்தான் செய்யான்," என்றார். ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். "முந்தி வாசல்ல வந்து விழுந்து கிடந்தாம்னா கதவ அடச்சிற்றுப் படுத்திருவேன். இப்பம் ஒரு பாயக் கொண்டு போட்டு, அதுல உருட்டி விட்டுட்டு, தலைக்கு ஒரு துணிய மடக்கி வைக்கேன். கோவம் வரமாட்டேங்கு. எத்தனையோ நாளு ஜெபம் பண்ணினேன், அவன் குடிய நிறுத்தணும்னு. அது நடக்கல்ல. இது நடந்திருக்கு. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

நடத்தியவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நல்ல மனிதர். "அம்மாவோட மகனுக்காகவும் ஜெபிச்சுக்குவோம்" என்று சமாளித்து அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். கதவோரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம், அயல்வீட்டார் கூப்பிட்ட மரியாதைக்கு வந்தவர். அதுவரை மடியில் செல்போனை ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் சாட்சிக்கென்று ஒரு சட்டகம் உண்டு. முதலில் பாவத்தில் கிடந்த காலம். பிறகு ஒரு நோய், அல்லது கடன். டாக்டர்கள் கைவிரித்தார்கள். யாரோ ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்று உங்கள் முன்னால் சாட்சியாக நிற்கிறேன். இந்தக் கதைகளில் டாக்டர்கள் பாடுதான் பாவம், வருஷம் பூராவும் கைவிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நடந்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படியே நடந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் தனக்கு நடந்ததைச் சட்டகத்துக்குள் அடக்கப் பார்க்கும்போது அடங்காததையெல்லாம் வெட்டிவிடுகிறார். வெட்டிப் போட்டதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

சாட்சி என்பது கோர்ட்டில் புழங்கும் சொல். வடமொழியிலிருந்து வந்தது, கண் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய தமிழில் 'கரி' என்றார்கள். எந்தச் சொல்லானாலும் விதி ஒன்றுதான்: பார்த்ததைச் சொல், கேள்விப்பட்டதைக் கலக்காதே. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'மார்ட்டுஸ்' என்பதும் கோர்ட்டுச் சாட்சியைக் குறித்த சொல்தான். பிற்பாடு விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களுக்கு அதே சொல் பெயராயிற்று; ஆங்கிலத்தின் 'மார்ட்டர்' அப்படி வந்தது. தமிழில் சீர்திருத்தச் சபையார் இரத்தசாட்சி என்றும் கத்தோலிக்கர்கள் மறைசாட்சி என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் சாட்சி அழியாமல் நிற்கிறது.

யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற பிறவிக் குருடனைப் பரிசேயர்கள் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். சுகமாக்கினவர் எப்பேர்ப்பட்டவர் என்ற வாதத்துக்குள் அவனை இழுக்கப் பார்க்கிறார்கள். முதலில் அவன் லேசில் அதற்குள் வருவதில்லை. கண்ணில் சேறு பூசியது, கழுவியது, தெரிந்தது. அவர் யாரென்று கேட்டபோதும் 'தீர்க்கதரிசி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். நச்சரித்த பிறகுதான் திருப்பி அடிக்கிறான், அதுவும் கொஞ்சம் நக்கலோடு. வக்கீல்கள் தவம் கிடந்து தேடும் சாட்சி.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்தேன். அப்பா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் கைப்பிரதிகளோடு வார்டுக்குள் வந்து, கட்டிலருகே நின்று, ஆண்டவர் தனக்குச் செய்த அற்புதத்தை ஒரே மூச்சில் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்களும் கோயிலுக்குப் போறவங்கதான் தம்பி" என்றார்.

"எந்தச் சபை ஐயா?"

சொன்னார். தம்பியின் முகம் சுருங்கியது. "அப்ப உங்களுக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கு" என்று வேறொரு கைப்பிரதியை எடுத்தார்.

மருந்துப் பையோடு வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண் பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர் மேலேயே இருந்தது. கை எட்டவில்லை. அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதிலேயே குறியாக இருந்தார். டம்ளர் அவர் கண்ணில் படவில்லை.

கேட்பவரின் நிலைமையைப் பார்த்துச் சொன்ன ஒருவரின் கதை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டிலனாய். கத்தோலிக்கர். ராஜா அவரைக் கொல்லாமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பின்னாளில் ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். பட்டம் பெரிதுதான். ஆனாலும் தோற்றுப்போய்ப் பிடிபட்ட ஆள், சொந்த மண்ணுக்குத் திரும்பிப் போகாத ஆள்.

அதே அரசில் ஊழியம் பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலிலும் பிறகு அரண்மனையிலும் பொறுப்பு. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்தது. மாடுகள் செத்தன, பயிர் போயிற்று என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இடிந்துபோயிருந்தவரிடம் டிலனாய் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு கதை சொன்னார். யோபுவின் கதை. ஆடு மாடு, ஒட்டகம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்து, கடவுளிடமே நியாயம் கேட்டவனின் கதை.

எத்தனையோ கதைகள் இருக்க, இதை எடுத்தாரே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். தண்ணீர் திராட்சரசமான கதையைச் சொல்லியிருக்கலாம். செங்கடல் பிளந்ததைச் சொல்லியிருக்கலாம். மாடு செத்தவனிடம் மாடு செத்தவனின் கதையைச் சொன்னார். அதைச் சொல்வதற்கான தகுதி அவர் பிடிபட்ட விதத்திலேயே இருந்தது. நாடும் சுதந்திரமும் போன ஒருவன் யோபுவைப் பற்றிப் பேசினால் அது பிரசங்கமாகக் கேட்காது.

யோபுவின் முடிவில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. சாட்சிக் கூட்டங்களில் அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் கிராக்கி. எனக்கென்னவோ, நீலகண்ட பிள்ளையைப் பிடித்தது நடுப்பகுதியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை. 1745 மே 14-இல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். 1749-இல் அதே அரசு அவரைக் கைது செய்தது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்தார்கள் என்பது மரபு. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருநூற்றெழுபது வருஷம் கழித்து, 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

டிலனாய் 1777 வரை உயிரோடிருந்தார். தான் சொன்ன கதையைக் கேட்டவர் சுடப்பட்ட பிறகு, அதே அரசின் படையில் இன்னும் இருபத்தைந்து வருஷம். அந்த வருஷங்களை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. கல்லறை இருக்கும் சிற்றாலயத்துக்குக் கூரை இல்லை. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. டிக்கெட் எடுத்து வரும் குடும்பங்கள் மானைப் பார்த்துவிட்டுப் போகும் வழியில் இதையும் எட்டிப் பார்க்கின்றன. அதே புலியூர்க்குறிச்சியில்தான் முட்டிடிச்சான் பாறையும் இருக்கிறது. தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்று சொல்லப்படும் பாறை. ஜனம் அங்கே போகும். கோட்டைக்குள் அவ்வளவு கூட்டமில்லை.

தென்கோடியில் கிறிஸ்தவம் பரவிய வரலாற்றை மிஷனரிகளின் பெயர்களால் எழுதிப் பழகிவிட்டோம். மயிலாடியை எடுத்துக்கொள்ளுங்கள், இன்று கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் வந்து சேர்ந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவரை வரவழைத்தது மகராசன் என்ற உள்ளூர்க்காரர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், மனம் நிறையாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்று பெயர் பெற்று வீடு வந்தார். வந்தவர் தன் உறவுக்காரர்களிடம்தான் முதலில் வாய் திறந்தார். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அங்கே கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். தீர்வையும் கூலியில்லா ஊழியமும் தோள்சீலைத் தடையும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் கழுத்தை நெரித்த காலம் அது. தோளை மூடும் உரிமைக்கே பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. மகராசன் பேச்சை ஜனங்கள் அந்தச் சுமையோடுதான் கேட்டார்கள். ஆத்துமாவுக்காக வந்தார்களா, மானத்துக்காக வந்தார்களா என்று இன்று பிரித்துக் கேட்பது, சட்டையே போடவிடாத உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வேறு ரகம். வைணவர், தமிழ்ப் புலவர், சாயர்புரத்தில் கிறிஸ்தவர்களுக்கே தமிழ் கற்றுக் கொடுத்தவர். மிஷனரிகளின் தர்க்கத்தைத் தர்க்கத்தால் எதிர்கொள்ளும் சரக்கு அவரிடம் இருந்தது. அவரைக் கரைத்ததில் தமக்கு முன்பே மாறியிருந்த நண்பர்களின் பங்கு பெரிது. 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்தது 1894-இல். அவ்வளவு பெரிய காவியம் எழுதிய புலவர், தாம் கிறிஸ்தவரான கதையைத் தனியே உரைநடையிலும் எழுதி வைத்தார். காப்பியம் தாங்காத ஏதோ அதில் இருந்திருக்க வேண்டும்.

நண்பனுக்கு நண்பன் சொல்லும்வரை யாருக்கும் சங்கடமில்லை. தெருவில் மைக் வைக்கும்போது சட்டம் உள்ளே வருகிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு கோடு கிழித்தது: உன் மதக் கோட்பாட்டை எடுத்துச் சொல்லலாம், அடுத்தவரை மாற்றுவது உன் உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் திரும்பப் போயிற்று. அந்தச் சட்டத்தை எதிர்த்தவன்தான் நானும். ஆனாலும் அந்தக் கோடு எனக்கு அந்நியமாகப் படவில்லை. சாட்சியின் வேலை கூண்டில் ஏறிப் பேசிவிட்டு இறங்குவது. தீர்ப்பெழுதும் நாற்காலியில் போய் உட்காருகிற சாட்சியை எந்தக் கோர்ட்டும் பொறுக்காது. ஆஸ்பத்திரியில் அந்தத் தம்பி செய்தது அதைத்தான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து கருப்பட்டிக் காப்பியும் கிழங்கும் கொடுத்தார்கள். நர்சிங் பெண்ணைச் சுற்றி நல்ல கூட்டம். அம்மாவிடம் யாரும் அதிகம் பேசவில்லை. பேசினவர்களும் "மகன் கண்டிப்பா மாறுவான் பாருங்க" என்றுதான் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். குங்குமம் வைத்த பெண்ணும் கூடவே இறங்கினார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். விளக்குக் கம்பத்தடியில் இரண்டு பேரும் நின்றது தெரிந்தது, பேச்சும் காதில் விழுந்தது.

"மவன் எத்தன மணிக்கும்மா வருவான்?"

"பதினொண்ணு. சில நாளு பதினொண்ணரை."

"எங்க வீட்ல உள்ளது வர பன்னெண்டு ஆவும்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாய நேரத்தோட வாசல்ல போட்டு வச்சிருவியளா, இல்ல வந்த பெறவா?"

"வந்த பெறவுதான் பிள்ளே. முன்னாலயே போட்டா நாய் வந்து படுத்துக்கிடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டார்ச் வெளிச்சம் தெருமுனை வரைக்கும் ஒன்றாகவே போயிற்று.